கடைசி வரியில் இருந்த பேர்

என் உசிரோடு ஒட்டின மீரான் மச்சானுக்கு,

ஆடி மாசக் கடைசியில், ஒரு சந்தை நாள் சாயங்காலம், விளக்கு வைக்கிறதுக்கு முன்னே, திருவில்லிபுத்தூரில் உம்ம அச்சுக்கூடத்தைக் கொளுத்தினார்கள். நீர் உள்ளே இருந்தீர். ஒரு நோட்டீசுக்காகக் கொளுத்தினார்கள். அந்த நோட்டீசை எழுதினவன் நான்.

உமக்கு இது புதுச் செய்தி இல்லை. ஊருக்குத்தான் புதுசு. அதனால் உமக்கு எழுதுகிற இந்தக் கடுதாசியை ஊரும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

ராஜபாளையம் குருசாமி மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிற ஆள் என்று சந்தையில் பேர் உண்டு. பருத்தி ஈரமாக இருந்தால் கொண்டுவந்தவன் முகத்துக்கு நேரே சொல்லுவேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று மாசமாக வாயில் பருத்தியை அடைத்துக்கொண்டு இருக்கிறேன்.

நம்ம பழக்கம் தெரியாதவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். தேவதானத்திலும் சோழபுரத்திலும் வீடு வீடாகப் போய்ப் பருத்தி வாங்கி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்ற காலம் முடிந்து, ராஜபாளையத்தில் கடை போடப்போன சமயம் அது. ஒரு விளம்பரம் அடிக்க வேண்டும் என்று உம்ம கூடத்துக்குள் நுழைந்தேன். முன்னே பின்னே பார்த்ததில்லை. “வாரும் மச்சான், உக்காரும்” என்றீர்.

நான் வேண்டுமென்றே கேட்டேன்: “நீர் ராவுத்தர். நான் வேற சாதி, வேற மதம். மச்சான் முறை எப்படிவே வரும்?”

“உம்ம தங்கச்சியை நான் கட்டலே. எந் தங்கச்சியை நீர் கட்டலே. ரெண்டும் இனிமே நடக்கப்போறதும் இல்லே. சண்டை வர வழியே இல்லாத முறை இது ஒண்ணுதான். சும்மா கூப்பிடும்.”

இது உம்ம சொந்தச் சரக்கு இல்லை. இந்தப் பக்கத்தில் உம்ம ஆட்களும் எங்க ஆட்களும் தலைமுறை தலைமுறையாக மாமன், மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம். யார் ஆரம்பித்தார்களோ, யாருக்கும் தெரியாது. ஏன் என்று கேட்கவும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்தச் சாமியார் வருகிறவரைக்கும்.

வெளியூரிலிருந்து வந்து பத்து நாள் பிரசங்கம் செய்தார். வேற்று மதத்தானை முறை சொல்லிக் கூப்பிடுகிறவன் தன் குலத்தை விற்றவன் என்றார். அவர் ஊரை விட்டுப் போன பொறவு, அவர் பேச்சைப் பிடித்துக்கொண்டு சிலபேர் மதத்தைக் காக்கச் சபை என்று ஒன்று கூட்டினார்கள். அதே மாசம் உம்ம பக்கமும் வெளியூர் ஹஜ்ரத் ஒருத்தர் வந்து அதையே திருப்பிப் போட்டுச் சொன்னார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கண்ணால் கண்டதில்லை. பேசிவைத்துக்கொண்டது மாதிரி ஒரே பேச்சு.

ரெண்டு பேச்சையும் நோட்டீசாக அச்சடித்தது நீர்தான்.

சபையின் நோட்டீசில் உம்மைப் பேர் சொல்லாமல் நாய் என்று எழுதியிருந்தது. நான் வந்தபோது நீர் மூக்குக்கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, அந்த நாயை எழுத்து எழுத்தாக எடுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தீர்.

“வே, உமக்குக் கிறுக்கா? உம்மைத்தான் நாய்ங்கான்.”

“தெரியும். மூணு எடத்துல எழுத்துப் பிழை. திருத்திட்டேன். ஏசுறவன் சுத்தமா ஏசட்டும். பிழையோட வெளிய போனா எம் பேருக்குத்தான் கேவலம்.”

நான் சிரிக்கவில்லை. அந்தத் தாளில் கடைசியாக இருந்ததைக் காட்டினேன். இப்படிப்பட்டவர்கள் வீட்டுக் கூரையை விட்டுவைக்கலாகாது என்று இருந்தது. “இது ஏச்சு இல்லவே. தீக்குச்சி. இதை எடுத்துரும்.”

“எடுக்கச் சொன்னேன். மாட்டேன்னுட்டான்.”

“அப்ப அடிக்காதேயும்.”

“நாளைக்கு இவனுக்குப் பிடிக்காததை எழுதிக்கிட்டு ஒருத்தன் வருவான். அவனுக்கு நான் என்னன்னு பதில் சொல்ல? கூடத்துக்கு வாசல் ஒண்ணுதான் மச்சான். ஆளுக்குத் தக்கன கதவு போட முடியாது.”

“வந்து கொளுத்துனா?”

“கொளுத்துறவன் நோட்டீசு படிச்சுட்டா வருவான்?” என்று சொல்லி, மை ஒட்டின விரலால் மூக்கைச் சொறிந்துகொண்டீர்.

மச்சான், வந்தவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது, வாஸ்தவம். ஆனால் யாரோ படிக்கக் கேட்டுத்தான் வந்தார்கள். அந்த வரியை நீர் கோர்த்திருக்கலாமா? உம்மேல் கோபப்பட்டுப் பார்க்கலாம் என்று எம்புட்டோ தடவை முயன்றுவிட்டேன். கோபம் பாதி வழி வந்து நின்றுவிடுகிறது. நீர் அந்த வாசலை அடைத்திருந்தால் எனக்கும் அது அடைபட்டுத்தானே இருக்கும்? ஏசுகிறதை அச்சில் விடலாம், கொளுத்தச் சொல்லுகிறதை விடக்கூடாது என்று ஒரு கோடு போட்டிருக்கலாமே? அந்தக் கோட்டை யார் போடுகிறது? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள நீரும் இல்லை.

நாளைக்கு ஒருத்தன் வருவான் என்றீரே, அந்த ஒருத்தனாக நானே வந்து நின்றேன். ரெண்டு தாள் எழுதிக்கொண்டுவந்தேன். மாமா என்று கூப்பிட்டுப் பழகின வாயை எந்த மருந்து போட்டு மாற்றப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தேன். வறட்சியில் ராவுத்தர்மார் கிணறு திறந்துவிட்டபோது இனித்த முறை இப்போது கசக்கிறதா என்று கேட்டிருந்தேன். முடிவில், நாம் அடுத்தவனை என்னவென்று கூப்பிடுகிறோம் என்று ஒட்டுக் கேட்டுக்கொண்டு நிற்க நம்ம சாமி அம்புட்டுச் சின்ன சாமியா என்று எழுதியிருந்தேன். அதைப் படித்து நீர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தீர்.

“பேரு?” என்றீர்.

“வேண்டாம். சபையில ரெண்டு பேரு எங்கிட்டப் பொதி பொதியாப் பருத்தி எடுக்கிறவங்க. ஊரான் ஒருவன்னு போடும்.”

“எம் பேரு கீழ வந்துரும் மச்சான். அச்சடிச்சவன் பேரும் ஊரும் போடாம வெளிய விட்டா சர்க்கார் என்னைத் தூக்கி உள்ள போட்டுரும்.”

“அது எல்லாத்துலயும் வாரதுதானே. கல்யாணப் பத்திரிகையிலகூட வருது. அதை எவன் பாக்கான்?”

எவன் பார்க்கிறான் என்றேன். இருபது வருஷம் வியாபாரம் செய்து நான் சேர்த்த புத்தி அது.

மறுநாள் சந்தை. பத்திரம் எழுதுகிறவர் ஒருத்தர், எழுத்துத் தெரியாத ஜனங்களுக்கு எது வந்தாலும் வாசித்துக் காட்டுகிறவர், மூட்டைமேல் ஏறி நின்று என் நோட்டீசை வாசித்தார். புதுச் சரக்கு எப்படிப் போகிறது என்று பார்க்கிற ஆசையில் நான் வெற்றிலைக் கடை ஓரம் நின்றேன்.

நல்லாத்தான் போயிற்று மச்சான். ஜனம் சிரித்தது.

“எழுதுனவன் யாருலே? நம்ம ஊருக் குசும்பு தெரியுதே!”

“ஏலே மாரி, ராவுத்தரு காளையை இரவல் வாங்கையில நீ எத்தனை மாமா போட்ட? எண்ணிச் சொல்லு பாப்போம்!”

சின்ன சாமியா என்று வாசித்தபோது ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சரியாக் கேட்டான்” என்றார். சபைக்காரன் ஒருத்தன் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கினதை நான் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நம்ம ஜனங்களுக்கு ஏடு படித்துக் கேட்ட பழக்கம். பாட்டு முடிகிற இடத்தில் பாடினவன் பேர் வரும். அது வந்தால்தான் முடிந்தது என்று எழுந்திருப்பார்கள். வாசித்தவரும் அந்தப் பழக்கத்தில், ஊரான் ஒருவன் என்பதோடு நிறுத்தாமல், கீழே பொடி எழுத்தில் வெறும் ஊரும் பேருமாகக் கிடந்த அச்சடித்தவர் பேரையும் விடாமல், குரலை ஏற்றி வாசித்தார்: “திருவில்லிபுத்தூர் மீரான் ராவுத்தர்.”

சிரிப்பை அடக்கினான் என்று சொன்னேனே, அவனே கத்தினான்: “ஏலே, ராவுத்தன் எழுதுனதா இது! நம்ம சாமியைச் சின்ன சாமிங்கான்!”

அதே எழுத்து. அதே வாசிப்பு. கன்னத்தில் போட்டுக்கொண்ட கிழவரே கம்பைத் தரையில் தட்டினார். எங்களில் ஒருத்தன் எங்களைக் கேட்ட கேள்வி, உம்ம வாயில் வைத்ததும் வசவாகிவிட்டது. சொன்னது சரியா தப்பா என்று பார்க்கவில்லை. சொன்னவன் யார் என்றுதான் பார்த்தார்கள். அதிலும் ஆளை மாற்றிப் பார்த்தார்கள்.

நான் பத்தடி தூரத்தில் நின்றேன். “அதை எழுதுனவன் நான்” என்று ஒரு சொல். ஏசியிருப்பார்கள். சட்டையைப் பிடித்திருப்பார்கள். ஒரு வருஷம் என் பருத்தியை எடுக்காமல் இருந்திருப்பார்கள். அம்புட்டுத்தான். அதைச் செய்யாமல், உம்மிடம் முதலில் சொல்லிவிடலாம் என்று சந்து வழியாக ஓடிவந்தேன். அப்போது அதைப் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

பின்வாசல் வழியாக வந்து மூச்சு வாங்கச் சொன்னேன். நீர் கையிலிருந்த எழுத்தைப் பெட்டியில் அதன் அறையில் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தீர்.

“நான் போய்ச் சொல்லட்டுமா?” என்றேன்.

சொல்லட்டுமா என்று கேட்டேன் மச்சான். சொல்லுகிறவன் கேட்டுக்கொண்டா நிற்பான்? உமக்கு அது அப்போதே விளங்கிவிட்டது. என்னைப் பின்வாசல் பக்கம் திருப்பிவிட்டீர். “நீர் போம். உம்ம வண்டியெல்லாம் சந்தையில நிக்கி. உம்மை இங்க கண்டா ஊகிச்சுருவான். அச்சடிச்சவன் நான், என்கிட்டப் பேசுங்கன்னு சொல்லிக்கிடுதேன். கத்திட்டுப் போயிருவாங்க.”

நான் போனேன். நீர் போகச் சொன்னீர் என்று போனேன்.

சந்தை முனையில் வண்டியைத் திருப்பும்போது புகை தெரிந்தது.

உம்ம வீட்டுக்காரி, எனக்குத் தங்கச்சி முறையான பாத்திமா பொறவு சொல்லித்தான் மிச்சம் தெரியும். அவளையும் மகளையும் இழுத்துக்கொண்டு நீர் வெளியே வந்துவிட்டீர். தெருவில் நின்றீர். திடீரென்று, “ஒரு காகிதம் உள்ள கெடக்கு” என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போனீர். கூரை இறங்கிவிட்டது.

எந்தக் காகிதம் மச்சான்?

பாதி அச்சான கல்யாணப் பத்திரிகையா? யாரோ கொடுத்த பழைய பத்திரமா? இல்லை, நான் என் கையால் எழுதிக் கொடுத்த அந்த ரெண்டு தாளா? என் எழுத்தைப் பார்த்தால் சந்தையில் பாதிப் பேர் அடையாளம் சொல்லிவிடுவார்கள். எல்லாருக்கும் பருத்திச் சீட்டு எழுதிக் கொடுக்கிறவன் நான்தானே. அதைத்தான் எடுக்கப் போனீரா? தங்கச்சி என்னைப் பார்த்து, “அப்படி என்ன காகிதம் அண்ணே?” என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். அன்று சொன்ன அந்தத் தெரியாது என் நெஞ்சில் முள் மாதிரி குத்திக்கொண்டு நிற்கிறது.

இப்போதைய சங்கதி சொல்கிறேன். விளக்கு சாய்ந்து மண்ணெண்ணெய் பிடித்துக்கொண்டது என்று ஊரில் முடிவாகிவிட்டது. யாரும் எதையும் பார்க்கவில்லை. விசாரிக்க வந்த சர்க்கார் அதிகாரி சத்திரத்தில் கூட்டம் போட்டார். இனிமேல் எந்த நோட்டீசானாலும் முன்கூட்டிக் காட்டிவிட்டுத்தான் அச்சடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சபைக்காரர்களும் சரி என்றார்கள். உம்ம ஜமாத்துப் பெரியவர்களும் சரி என்றார்கள். ஒரு வருஷமாக எதிரும் புதிருமாக நின்றவர்கள் ஒற்றுமையாகத் தலையாட்டினது அந்த ஒன்றுக்குத்தான்.

வக்கீல் ஒருத்தர் மட்டும் எழுந்தார். “கொளுத்துனவனை விட்டுட்டு அச்சுக்கூடத்துக்கு வாய்ப்பூட்டு போடுறீங்களே, இது என்ன நியாயம்?” என்றார்.

பாத்திரக் கடைக்காரர் சீறினார்: “ஐயா, நீங்க கோர்ட்டுல பேசிட்டு வீட்டுக்குப் போயிருவீங்க. எழுதுறவன் எழுதிட்டு ஒளிஞ்சுக்கிடுவான். எரியுறது எங்க தெருல்லா? எழுதுறவன் முன்னால வந்து நிக்கட்டும், பொறவு பேசலாம் உரிமையைப் பத்தி.”

நான் அவருக்குப் பின்னால் ரெண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். ரெண்டாம் தடவை.

என் வியாபாரம் நன்றாக நடக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சபைக்காரர்கள் முன்னைவிட அதிகமாக எடுக்கிறார்கள். ஒருத்தன் என் தோளைத் தட்டி, “நல்லவேளை அண்ணாச்சி, கூட்டாளி கூடச் சேந்து நீரும் சிக்கிக்கிடலே” என்றான். அந்தத் தோளை நான் வீட்டில் வந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். என்ன பிரயோசனம்? தட்டின கையை நான் அங்கேயே தட்டிவிட்டிருக்க வேண்டும்.

போன வாரம் தங்கச்சியைப் பார்க்கப் போனேன். தாய்வீட்டில் இருக்கிறாள். மகளுக்கு நிக்காஹ் பேச வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். ஊரைக் கெடுத்தவன் வீட்டுச் சம்பந்தம் வேண்டாமாம். எங்க ஆட்கள், சாமியைப் பழித்தவன் என்கிறார்கள். உம்ம ஆட்கள், அடுத்தவன் சாமி விஷயத்தில் தலையிட்டு நமக்கும் சேர்த்து வினை தேடினவன் என்கிறார்கள். உம்ம உடம்பை மண்ணில் வைத்தாயிற்று, உம்ம பேரை மட்டும் ரெண்டு பக்கமும் அடக்கம் செய்ய மாட்டேன் என்கிறார்கள் மச்சான்.

நான் ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம் அண்ணே. அதை எழுதுனது அவிய இல்லே. எனக்குத் தெரியும். அவிய பேச்சு எனக்குத் தெரியாதா? எழுதுனவன் எங்கயோ நல்லா இருக்கான். அவன் வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

சொல்லிவிட்டு என் கண்ணையே பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று மாசமாக நானாகச் சொல்லுவேன் என்று காத்திருக்கிறாள். தெரிந்துகொண்டே எனக்குக் காப்பித்தண்ணி கொடுத்தாள். அதைக் குடித்தேன்.

“சொல்லுதேன்மா” என்றேன்.

பக்கத்துக் கடை ராஜுவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். பதறிப்போய் அவர் தெலுங்குப் பாஷையில், “எந்துக்கு நீக்கு ஈ பனி, குருசாமி?” என்றார். உனக்கு எதுக்கு இந்த வேலை என்று. “செத்தவன் திரும்பவா வரப்போறான்?” என்றார். என் வீட்டுக்காரி அவ்வளவு பேசவில்லை. “சொல்லும். சொல்லாம நீர் படுறதைப் பாக்கவும் முடியலே. ஆனா எங்களை எங்க அண்ணன் வீட்டுல கொண்டுவிட்டுட்டுச் சொல்லும்” என்றாள். கொண்டுபோய் விட்டேன். நாலு நாளாக வீட்டில் நானும் சுவரும்தான்.

பயமாக இருக்கிறது மச்சான். வாசலில் நாலு பேர் சேர்ந்து பேசினால் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். நீர் எப்படி அவ்வளவு நிதானமாக எழுத்தைப் பெட்டியில் போட்டீர்? உமக்கும் பயமாக இருந்ததா? எனக்காக மறைத்தீரா?

சாத்தூர் போய் ரயிலேறி, இதுவரைக்கும் எழுதின கடுதாசியோடு ஒவ்வொரு அச்சுக்கூடமாக ஏறி இறங்கினேன். திருநெல்வேலியில் ஒருத்தர் முதல் வரியைப் படித்ததும் தாளைத் திருப்பிக் கொடுத்தார். இன்னொருத்தர், “கல்யாணப் பத்திரிகை இருந்தாக் கொண்டாங்க” என்றார். மதுரையில் மூன்று பேர் முடியாது என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நாலாவது ஆள், என் வயசுக்காரர், நின்றபடியே முழுக்கப் படித்தார். “இதைக் கேட்டுட்டு வந்து உம்மைக் கொன்னா?” என்றார். “கொன்னா, சரியான ஆளைக் கொன்னதா இருக்கும்” என்றேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

உமக்கு நான் கொடுக்கிற வாக்கு இது. இது அச்சாகி வந்ததும் அடுத்த சந்தைக்குத் திருவில்லிபுத்தூர் வருவேன். வாசித்துக் காட்ட ஆள் பிடிக்க மாட்டேன். நானே மூட்டைமேல் ஏறி நின்று, என் வாயால், சபைக்காரர்களும் ஜமாத்தாரும் கேட்க வாசிப்பேன். குரல் நடுங்கும். நடுங்கினாலும் முடிக்காமல் இறங்க மாட்டேன்.

மதுரைக்காரரோடு பேசி முடித்த விவரம்: ஐந்நூறு படி. கேட்ட விலை, குறைக்கச் சொல்லவில்லை, முழுதும் முன்பணம். என் பேர், என் தகப்பன் பேர், கடை இருக்கிற தெரு, மூன்றும் எல்லாத்துக்கும் மேலே, இருக்கிறதிலேயே பெரிய எழுத்தில். அவர் பேர் சட்டத்துக்காக மட்டும், அடியில். அச்சாகி முடிகிற மூன்று நாளும் நான் அவர் கூடத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். யார் வந்து என்ன கேட்டாலும் முதல் பதில் நான்தான் சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கூடப் பிறக்காத தங்கச்சிக்கு அண்ணன், உமக்கு என்றைக்கும் மச்சான்,
பருத்திக்கடை குருசாமி, ராஜபாளையம்.